கன்று படுத்த பிறகு கலக்கும் பொடி

பிறந்து நான்கே நாளான கன்று கண்கள் குழிவிழுந்து, வாய் சில்லிட்டு, வாலெல்லாம் கழிச்சல் அப்பிக் கிடக்கிறது. அருகில் இருக்கும் வாளியில் புரோபயாட்டிக் பொடியும் ஆண்டிபயாடிக் பொடியும் வெந்நீரில் ஒன்றாகக் கரைக்கப்பட்டிருக்கின்றன. கால்நடை மருத்துவராக இந்த மழைக்காலத்திலும் இதே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்க நேர்ந்ததால் எழுதுகிறேன்.

புரோபயாட்டிக் என்பது கழிச்சலை நிறுத்தும் மருந்து அன்று; குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்கள். லாக்டோபேசில்லஸ், என்டரோகாக்கஸ் போன்ற நுண்ணுயிர்கள் உயிரோடு குடலைச் சென்றடைந்தால் மட்டுமே பயன் தரும். கொதிக்கும் நீரில் கரைத்தால் அவை வாளியிலேயே மடிந்துவிடும். ஆண்டிபயாடிக்குடன் கலந்தால், கெட்ட பாக்டீரியாவைக் கொல்ல நீங்கள் கொடுக்கும் மருந்தே இவற்றையும் கொன்றுவிடும். சில பொடிகளில் இருக்கும் ஈஸ்ட் என்ற பூஞ்சை வகைகளை ஆண்டிபயாடிக் பாதிக்காது என்பது உண்மைதான். ஆனால், வாங்கிய பொடியில் இருப்பது ஈஸ்டா பாக்டீரியாவா என்று உறையைப் படித்துப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

இளங்கன்றைத் தாக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, முதல் சில நாட்களில் சிறுகுடல் செல்களைப் பற்றிக்கொண்டு நச்சைச் சுரக்கிறது; உடல்நீர் குடலுக்குள் கொட்டுகிறது. நல்ல பாக்டீரியா அந்த இடத்தை முன்பே பிடித்திருந்தால் அதற்கு ஒட்ட இடம் குறையும். 1973இல் பின்லாந்தின் நூர்மி, ரன்டாலா இருவரும், நலமான வளர்ந்த கோழிகளின் குடல் நுண்ணுயிர்களைக் குஞ்சுகளுக்கு முன்கூட்டியே கொடுத்தால் அவை சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியை எதிர்த்து நிற்கின்றன என்று காட்டினார்கள். முன்கூட்டியே என்பதைத்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

எனவே, புரோபயாட்டிக் கொடுப்பதானால் கன்று நலமாக இருக்கும்போதே, முதல் நாளிலிருந்தே, மருத்துவர் சொல்லும் அளவில், வெதுவெதுப்பான பாலில் கொடுங்கள். அதற்கும் முந்தியது சீம்பால். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்காமல், பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர் வரை ஊட்டுங்கள். சீம்பால் குடிக்காத கன்றை எந்தப் பொடியாலும் ஈடுகட்ட முடியாது.

கழிச்சல் தொடங்கிவிட்டால் கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பே. பாலை நிறுத்தாதீர்கள்; இடையிடையே உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஆண்டிபயாடிக் வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மிச்சமிருந்தது என்று கோலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக்கை யாரேனும் கொடுத்தால் வாங்காதீர்கள், உணவுக்கான கால்நடைகளில் அதன் பயன்பாடு 2019இலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. கன்று எழுந்து நிற்கும்போதே மருத்துவரை அழைத்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்; படுத்துவிட்ட கன்றுக்கு ரத்தக்குழாய் வழியாக நீர் ஏற்ற வேண்டியிருக்கும், அதற்குள் நேரம் கடந்துவிடுகிறது.