ஃபிஷிங்: வலைவீச்சு அல்ல, தூண்டில்

'வலைவீச்சு மின்னஞ்சல்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்' என்று ஓர் அறிவிப்பு மறுபடியும் கண்ணில் பட்டது. ஃபிஷிங் என்ற சொல்லுக்கு யாரோ ஒருவர் அவசரத்தில் செய்த தமிழாக்கம் அது. பயிலரங்குகளில் கேட்டாயிற்று, நாளிதழ்த் துணுக்குகளில் படித்தாயிற்று, இப்போது துண்டறிக்கையிலும் ஏறிவிட்டது. இனியும் வாய்மூடி இருந்தால் அகராதியிலும் ஏறிவிடும்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். வங்கி, வருமான வரித் துறை, கூரியர் நிறுவனம், அலுவலக மேலாளர் என்று நாம் நம்பக்கூடிய ஒருவரின் பெயரில் மின்னஞ்சல் அனுப்பி, கடவுச்சொல்லையும் அட்டை எண்ணையும் ஓடிபியையும் நம் கையாலேயே கொடுக்கவைப்பதுதான் ஃபிஷிங். 1990களின் நடுப்பகுதியில், அமெரிக்கா ஆன்லைன் என்ற இணையச் சேவையின் பயனர்களிடம் நிறுவன ஊழியர்போல் பேசிக் கடவுச்சொல் கறந்தவர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் எஃப் எழுத்தை எடுத்துவிட்டு, பி, ஹெச் இரண்டையும் வைத்தார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் தொலைபேசி இணைப்பகங்களை ஏய்த்து இலவசமாகப் பேசிவந்தவர்கள் தங்கள் கலைக்கு வைத்துக்கொண்ட பெயரிலும் இதே எழுத்து விளையாட்டு உண்டு. அங்கிருந்து தொற்றியது என்பதே பெரும்பாலோர் கருத்து. சொல்லின் வரலாறு இவ்வளவுதான்.

அப்படியே 'ஃபிஷிங்' என்று எழுதிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சொல்லின் சாமர்த்தியமெல்லாம் எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. தமிழ் எழுத்தில் இரண்டு சொற்களும் ஒன்றாகிவிடுகின்றன. காசிமேட்டில் இருப்பது ஃபிஷிங் ஹார்பர். நம் அஞ்சல் பெட்டிக்கு வருவதும் ஃபிஷிங். இதைத் திரும்பத் தமிழாக்கி 'மீன்பிடி மோசடி' என்று எழுதியவர்களும் உண்டு. மானிய டீசல் கணக்கில் ஏதோ குளறுபடி போலும் என்று நினைத்துக்கொண்டு வாசகர் அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

வலைவீச்சு இவற்றைவிட மேல் என்று சொல்வார்கள். இல்லை, இவற்றைவிடக் கீழ்.

தமிழ் நாளிதழ் படிப்பவர் யாராக இருந்தாலும், வலைவீசுவது யார் என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்: போலீஸ். 'தலைமறைவான நபரைப் போலீசார் வலைவீசித் தேடி வருகின்றனர்' என்ற வாக்கியம் இல்லாமல் நம் ஊரில் ஒரு குற்றச் செய்தி அச்சேறியதே இல்லை எனலாம். 'கொள்ளையனுக்கு வலைவீச்சு' என்பது தலைப்பாகவே கெட்டிப்பட்டுவிட்ட தொடர். அதே சொல்லை எடுத்துத் திருடன் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? 'வலைவீச்சு ஆசாமிகளுக்கு வலைவீச்சு' என்று ஒருநாள் தலைப்பு வரும். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று வாசகர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது, வலை என்ற சொல்லை இணையத்துக்கு ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவிட்டோம். வலைதளம், வலைப்பக்கம், வலைப்பூ என்று அது வேறு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுவிட்டது. 'வலைவீச்சுத் தளம்' என்று படித்தால் அது மோசடித் தளமா, வலைப்பூ நடத்தும் தளமா என்று மயங்க இடமிருக்கிறது. கலைச்சொல் ஆக்குபவர் ஒரு சொல்லைத் தொடுமுன் அதன் மேல் ஏற்கெனவே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

இவை இரண்டும் வழக்கு பற்றிய குறைகள். மூன்றாவது பொருள் பற்றியது. எனக்கு அதுதான் பெரிது. வலை மீனை ஏமாற்றுவதில்லை. தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் மீனை வளைத்து அள்ளுகிறது. மீனின் ஆசைக்கோ முடிவுக்கோ அங்கே வேலை இல்லை. ஃபிஷிங்கில் நடப்பது நேர் எதிர். ரீஃபண்ட் வருகிறது என்ற ஆசையிலோ, கணக்கு முடங்கிவிடும் என்ற பயத்திலோ வாயைத் திறப்பது நாம்தான். அஞ்சல் வந்ததால் யாருக்கும் பணம் போவதில்லை; கடித்தால்தான் போகிறது.

வலைவீச்சு என்ற சொல்லை ஆதரிப்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ஒரே அஞ்சல் லட்சக்கணக்கானோருக்குப் போகிறது, தூண்டிலோ ஒரு நேரத்தில் ஒரு மீனைத்தான் பிடிக்கும், ஆகவே வலையே பொருத்தம் என்பார்கள். அனுப்புவதைப் பார்க்கிறார்கள், சிக்குவதைப் பார்ப்பதில்லை. லட்சம் பேருக்குப் போனாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடித்தாக வேண்டும். தவிரவும், ஒரு நிறுவனத்தின் கணக்காளர் ஒருவரை மட்டும் குறிவைத்து, நிர்வாக இயக்குநர் பெயரில் 'நான் கூட்டத்தில் இருக்கிறேன், இந்தக் கணக்குக்கு உடனே பணம் அனுப்புங்கள்' என்று வரும் அஞ்சலை எந்த வலைக்குள் அடக்குவது? 'மோசடி வலையில் சிக்கினார்' என்று தமிழில் சொல்வதில்லையா என்றும் கேட்பார்கள். சொல்கிறோம். காதல் வலை, கந்துவட்டி வலை, சதிவலை எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சொல் கலைச்சொல் ஆகாது.

தூண்டில் என்ற சொல்லோ கையருகிலேயே கிடக்கிறது. தூண்டு என்ற வினையிலிருந்து வந்த பெயர். மனத்தைத் தூண்டுவதும் அதே தூண்டுதல்தான். பெரும்பாணாற்றுப்படையில் 'நெடுங்கழைத் தூண்டில்' வருகிறது. அங்கே முள்ளுக்குப் பெயர் 'கொடுவாய் இரும்பு', அதை மூடி மறைத்த இரைக்குப் பெயர் 'பொதியிரை'. வங்கிச் சின்னமும் மரியாதையான வணக்கமும் போர்த்திவரும் அஞ்சலுக்கு இதைவிட நல்ல சொல் எங்கே தேடுவது? அந்த இடத்தில் வரும் வாளைமீன் இரையைக் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது; ஆனால் அதன்பிறகு நீரருகே நிற்கும் பிரம்பின் நிழல் ஆடினாலும் அஞ்சுகிறது. ஒருமுறை பணம் இழந்தவர்கள் வங்கியின் உண்மையான அஞ்சலையும் திறக்காமல் அழிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாளைதான் நினைவுக்கு வருகிறது.

வள்ளுவர் இன்னும் நெருக்கமாக வருகிறார். சூது அதிகாரத்தின் முதல் குறள்: 'வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று.' இங்கே பொன் என்பது இரும்பு முள். சூதில் தோற்பவனைப் பற்றி அல்ல, வென்றவனைப் பற்றி அவர் பேசுகிறார். அந்த வெற்றிதான் முள் என்கிறார். 'வாழ்த்துகள், நீங்கள் வென்றுவிட்டீர்கள்' என்று தொடங்கும் லாட்டரி அஞ்சல்களுக்கு இதைவிடச் சுருக்கமான உரை கிடையாது. எடுக்காத சீட்டுக்குப் பரிசு விழாது என்பதைத் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

சொல் நன்றாகக் கிளைக்கவும் செய்கிறது. தூண்டில் அஞ்சல், தூண்டில் அழைப்பு, தூண்டில் குறுஞ்செய்தி, தூண்டில் தளம். ஒருவரைத் தேர்ந்து போடுவது குறிவைத்த தூண்டில். வினையாக வேண்டுமா, தூண்டில் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் புதிய எழுத்து விளையாட்டு தேவைப்படுகிறது; நமக்குத் தேவையில்லை. 'மின்தூண்டில்' என்று முன்னொட்டு சேர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பது உண்மையிலேயே நடக்கிற ஒரு குற்றம், அதோடு குழப்ப வேண்டாம்.

இன்னொரு தவறான சொல்லையும் இங்கேயே பிடித்துவிடுகிறேன்: 'முன்பண மோசடி'. பெரும் தொகை வருகிறது, அதை விடுவிக்க முதலில் சுங்கக் கட்டணம் கட்டுங்கள், பிறகு வரி, பிறகு வழக்கறிஞர் கட்டணம் என்று உறிஞ்சும் வகைக்கு இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய எவரிடமும் இந்தச் சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது வெள்ளையடித்த கணக்குச் சொல்லிப் பிடித்துக்கொள்ளும் வீட்டுக்காரர் என்றுதான் புரிந்துகொள்வார். 'கட்டணம் கேட்கும் மோசடி' என்றால் யாருக்கும் விளங்கும். இதையே 'நைஜீரிய மோசடி' என்பது ஒரு நாட்டுக்கே செய்யும் அநியாயம். நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவு அந்தக் குற்றத்தைத் தண்டிப்பதற்காக இருப்பது. குற்றத்துக்கே அந்த எண் பெயராகிவிட்டது, நம் ஊரில் 420 வசைச்சொல் ஆனதுபோல. ஸ்பெயின் நாட்டுச் சிறையில் கிடக்கும் செல்வந்தரை மீட்கப் பணம் அனுப்பினால் பங்கு தருகிறேன் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கடிதம் எழுதியிருக்கிறார்கள். நம் 420ஆம் பிரிவோ 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 318 ஆகிவிட்டது. வசைக்கு மட்டும் இன்னும் பழைய எண்தான்.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்கு உள்ள பெரிய மனக்குறை வேறு. வங்கி எச்சரிக்கைகளின் தமிழைப் படித்துப் பாருங்கள். 'உங்கள் உள்நுழைவுச் சான்றுகளைப் பகிர வேண்டாம்.' சான்று என்றால் நமக்குப் பிறப்புச் சான்று, சாதிச் சான்று. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் என்று எழுதினால் மை அதிகம் செலவாகிவிடுமா? 'சந்தேகத்திற்கிடமான இணைப்புகளைச் சொடுக்காதீர்.' சந்தேகத்துக்கு இடம் தராமல் இருப்பதற்காகத்தானே அவ்வளவு பாடுபட்டு அந்த இணைப்பைச் செய்திருக்கிறார்கள்! 'எழுத்துப்பிழைகள் இருந்தால் அது மோசடி அஞ்சல்' என்ற அறிவுரைதான் எல்லாவற்றுக்கும் மேல். தமிழில் இந்த அளவுகோல் வேலை செய்யாது. ஒற்றுப்பிழையும் ஒருமை பன்மை மயக்கமும் இல்லாத உண்மையான வங்கி அறிவிப்பைப் பார்ப்பது அரிது. மோசடிக்காரர்களோ இப்போது இயந்திரத்திடம் எழுதி வாங்கிப் பிழையில்லாமல் அனுப்புகிறார்கள்.

ஆகவே மொழியை விட்டுவிட்டு முகவரியைப் பாருங்கள். கைப்பேசியில் அனுப்புநரின் பெயர் மட்டும்தான் முதலில் தெரியும். அதை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் உண்மையான முகவரி வரும். ஆங்கில எம் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டவைத்து எழுதுவது பழைய தந்திரம். இணைப்பைத் திறக்காமல் விரலை அழுத்திப் பிடித்தால் அது எங்கே போகிறது என்று தெரியும்; அதில் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் பகுதிதான் தளத்தின் சொந்தக்காரர். இந்திய வங்கிகள் எல்லாம் 'பேங்க்.இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது இதை எளிதாக்கத்தான். அஞ்சல் எதைச் சொன்னாலும், அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணில் வங்கியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அஞ்சலில் இருக்கும் எண்ணில் அல்ல.

இதில் ஒரு சொல் பணத்தையே பாதிக்கும். தூண்டிலில் பணம் போனவர்கள் பெரும்பாலும் 'கணக்கை ஹேக் செய்துவிட்டார்கள்' என்கிறார்கள். செய்தியாளரும் அப்படியே எழுதுகிறார். ஹேக் என்பது பூட்டை உடைப்பது. தூண்டிலில் சாவி நம் கையிலிருந்து போகிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை இந்த இரண்டையும் வேறுவேறாகவே நடத்தியது. வங்கி மேலும் வாடிக்கையாளர் மேலும் தவறில்லாமல் வேறிடத்தில் நடந்த மீறல் என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு நட்டம் இல்லை என்றது. கடவுச்சொல்லையோ ஓடிபியையோ தாமே கொடுத்திருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் வரை போன பணம் அவருடைய நட்டம் என்றது. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு என்றும் சொன்னது. அதனால் யார்மேல் தவறு என்று வீட்டில் வாதாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வங்கிக்குச் சொல்லிவிட்டு 1930ஐ அழைப்பது நல்லது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் எழுதும்போது ஹேக், வலைவீச்சு எதுவும் வேண்டாம்: இன்ன பெயரில் அஞ்சல் வந்தது, இன்ன இணைப்பைத் திறந்தேன், இன்னதைக் கொடுத்தேன், இத்தனை மணிக்கு இவ்வளவு போனது என்று எழுதி, அந்த அஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள்.