நுரையீரல் உறைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எப்படிக் கொடுக்கப்படுகிறது?

பீடித் தொழில் பரவிய முக்கூடல், ஆலங்குளம் பக்கங்களில் நெஞ்சுக்குள் புற்றுநோய் என்றதும் பழி முதலில் புகையின் மேல்தான் விழும். நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய்க்கு அந்தப் பழி பொருந்தாது. அதன் முதன்மைக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார். கூரை ஷீட்டுகளை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் கிளம்பும் நுண்ணிழைகள் மூச்சோடு உள்ளே போய்த் தங்கி, பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே நோயாக வெளிப்படுகின்றன. ஆகவே இளமையில் செய்த வேலையையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

ஊர்ப்பக்கம் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சையில், லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற இயந்திரம் உண்டாக்கும் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்கள் புற்றுச் செல்களின் டி.என்.ஏ.வை முறிக்கின்றன. நலமான செல்களும் அடிபடும். ஆனால் அவற்றுக்குப் பழுதைச் சரிசெய்துகொள்ளும் திறன் அதிகம் என்பதால், அதற்கு இடைவெளி கொடுத்துக் கதிர்வீச்சைத் தவணைகளாகப் பிரித்துத் தருகிறார்கள்.

இந்நோயில் சிக்கலே நோயின் வடிவம்தான். இது ஓரிடத்தில் உருண்டு திரளாமல், நுங்கைச் சுற்றிய தோலைப் போல நுரையீரலைச் சூழ்ந்து படர்கிறது. உறை முழுவதையும் குறிவைத்தால் உள்ளிருக்கும் நுரையீரலும், அருகிலுள்ள இதயம், கல்லீரல், தண்டுவடம் ஆகியவையும் கதிரின் பாதையில் வந்துவிடும். உறைக்கு 50 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் கொடுக்க வேண்டியிருக்கும்போது, நுரையீரல் முழுவதிலும் 20 கிரே பட்டாலே கடும் அழற்சி வரும் ஆபத்து உண்டு. இதற்காகவே, நோயாளியைக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கவைத்து, மூச்சின் அசைவோடு சேர்த்து சி.டி. ஸ்கேன் எடுத்து, நெஞ்சில் சிறு புள்ளிகளைக் குறித்து, தினமும் அதே நிலையில் கிடத்துகிறார்கள். இயந்திரத்தின் வாயிலுள்ள மெல்லிய உலோகத் தகடுகள் நகர்ந்து நகர்ந்து கற்றையின் வடிவத்தையும் செறிவையும் மாற்றுகின்றன. இவ்வளவு நுட்பம் இருந்தும், நெஞ்சின் ஒரு பக்கம் முழுவதற்குமான சிகிச்சை, பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்குப் பின், தேர்ந்தெடுத்த சிலருக்கு அனுபவமிக்க மையங்களில் மட்டுமே தரப்படுகிறது.

நுரையீரலைச் சுற்றித் தேங்கும் நெஞ்சுநீரை எடுக்க ஊசி குத்திய தடத்தில் நோய் பரவாமலிருக்க, முன்னெச்சரிக்கையாகக் கதிர்வீச்சு கொடுக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. 2016இல் வெளியான ஆய்வு அதனால் பயனில்லை என்று காட்டியபின் அந்த வழக்கம் தளர்ந்துவிட்டது.

பெரும்பாலோருக்குக் கதிர்வீச்சின் நோக்கம் வலியைத் தணிப்பதே. அதைத் தொடக்கத்திலேயே குடும்பத்தாரிடம் ஒளிக்காமல் சொல்வதுதான் முறை என்பது என் உறுதியான கருத்து. வலிக்கும் இடத்துக்கு மட்டும் 5 தவணைகளில் 20 கிரே கொடுத்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்; கடையத்திலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் பஸ் ஏற வேண்டிய நோயாளிக்கு இது பெரிய ஆறுதல். வலி குறையச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், அதுவரை வலி மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.