தாத்தாவின் ஃபியட்டைப் பேத்தியின் முதல் காராகக் கொடுக்கலாமா?

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை, பெரம்பூரிலிருந்து ஒரு பெரியவரும் அவர் பேத்தியும் என் ஷெட்டுக்கு வந்தார்கள். பெரியவர் ரயில்வே லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேத்திக்கு அந்த மாதம்தான் 18 முடிந்திருந்தது. "அங்கிள், வீட்ல தாத்தாவோட ஃபியட் நிக்குது, 84 மாடல். அதை ரெடி பண்ணிக் கொடுங்க, நான் காலேஜுக்கு எடுத்துட்டுப் போகணும்" என்றாள். தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. தான் ஓட்டிய வண்டியைப் பேத்தி கேட்கிறாளே என்ற சந்தோஷம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

வடசென்னை தண்டையார்பேட்டையில் 26 வருடமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். இந்த மாதிரி கேட்டு வருபவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். நாம் ஃபியட் என்று சொல்லும் பிரீமியர் பத்மினி, அம்பாசடர், கான்டெசா, ஆரம்ப கால மாருதி 800 எல்லாமே பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. பிடிக்கத்தான் செய்யும், அவ்வளவு அழகான வண்டிகள். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்ததே ஃபியட்டும் அம்பாசடரும்தான். அதனால் வெறுப்பில் சொல்லவில்லை. ஆனால் 18 வயதுப் பிள்ளை தனியாக ஓட்டப்போகும் முதல் வண்டி இதுவாக இருக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்தப் பெரியவரிடமும் அதைத்தான் சொன்னேன். ஏன் என்று விளக்கத்தான் நேரமாகிவிட்டது. அன்றைக்கு அவர்களிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

பெற்றோர் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "அந்தக் காலத்துத் தகடு, அண்ணே. இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. இப்ப வர்ற வண்டியெல்லாம் டப்பா." தகடு கெட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் மோதும்போது அந்த வேகம் எங்காவது போயாக வேண்டும். புதிய காரில் முன்பக்கம் நசுங்குவதற்கென்றே செய்திருக்கிறார்கள். அது நசுங்கி வேகத்தைத் தின்றுவிடும், நாம் உட்கார்ந்திருக்கும் கூண்டு நசுங்காமல் நிற்கும். பழைய காரில் அந்த ஏற்பாடு கிடையாது. வேகம் ஸ்டியரிங் தண்டு வழியாக ஓட்டுபவரின் நெஞ்சுக்கு வரும். 2009-இல் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு (IIHS) 1959 மாடல் செவர்லே பெல் ஏர் காரையும் 2009 மாடல் செவர்லே மாலிபு காரையும் மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்தது. பெல் ஏர் பார்க்கப் பெரிய இரும்புக் கப்பல் மாதிரி இருக்கும். அதன் உள்கூண்டுதான் நொறுங்கியது. அதற்குள் மனிதன் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான். மாலிபுவில் இருந்திருந்தால் காலில் சின்னக் காயத்தோடு போயிருக்கும். அந்த வீடியோ இணையத்தில் இருக்கிறது. பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.

பெரியவரின் ஃபியட்டில் சீட் பெல்ட்டே இல்லை. சீட்டின் முதுகு தோள்பட்டையோடு முடிந்துவிடும், பின்னால் ஒரு வண்டி இடித்தால் கழுத்துக்குத் தாங்கல் கிடையாது. பெல்ட் வாங்கி மாட்டிவிடலாம் என்பார்கள். மாட்டலாம். ஆனால் துருப்பிடித்த தூணில் ஒரு தகட்டை வெல்டு வைத்து மாட்டிய பெல்ட், மோதலில் தகட்டோடு கையில் வந்துவிடும்.

சரி, மோதினால்தானே இதெல்லாம் என்று கேட்கலாம். அடுத்தது பிரேக்.

இந்தக் கால வண்டிகளில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனிப் பாதையில் போகிறது. ஒன்று கசிந்து போனாலும் மற்றது பிடிக்கும். அந்தக் கால ஃபியட், அம்பாசடரில் பெரும்பாலும் ஒரே பாதைதான். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஏதாவது ஒரு சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் சிலிண்டரின் ரப்பர் கிழிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதுவும், நின்றே கிடந்த வண்டியில் இது இன்னும் மோசம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் சிலிண்டரை உள்ளிருந்தே துரு அரிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதிப் பையன் ஒருவன் அம்பாசடர் வாங்கினான். லைசென்ஸ் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் டிரெய்லருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தான். டிரெய்லர் நின்றது. இவன் மிதித்தான், பெடல் தரையோடு போய்விட்டது. ஹேண்ட் பிரேக் இருப்பதே அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. வண்டியை ஓரமாக ஒடித்து மணலில் ஏற்றிவிட்டான். மணிக்கட்டு உடைந்ததோடு போயிற்று. வண்டி என் ஷெட்டுக்குத்தான் வந்தது. இடது பின் சக்கரத்தைக் கழற்றினேன், டிரம் முழுக்க ஆயில். விரல் நுனி அளவு ரப்பர் ஒன்று கிழிந்திருந்தது, அவ்வளவுதான்.

அவனிடம் பேசியபோது தெரிந்தது: ஒரு வாரமாகவே பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்க்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு மிதி மிதித்தால்தான் பிடித்திருக்கிறது. "பழைய வண்டின்னா இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்ணா" என்றான். எனக்கு மனசே கேட்கவில்லை. பழைய வண்டி எதையும் சொல்லாமல் செய்யாது. பெடல் இறங்கும், ஸ்டியரிங்கில் ஆட்டம் கூடும், ஒரு பக்கமாக இழுக்கும், வாசனை மாறும். பத்து வருடம் ஓட்டியவர் அதைக் கேட்டுக்கொள்வார். பெடல் இறங்கினால் உடனே பம்ப் செய்வார், கியரைக் குறைப்பார், ஹேண்ட் பிரேக்கை இழுப்பார். புதிதாக ஓட்டுகிற பிள்ளைக்கு கிளட்ச், கியர், கண்ணாடி, குறுக்கே வரும் பைக், எதிரே வரும் தண்ணீர் லாரி, இதைச் சமாளிக்கவே கவனம் போதாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போய்விடுகிறோம். "என்ன ஆச்சு?" என்று யோசிக்கும் நேரத்தில் டிரெய்லரின் பின்பக்கம் வந்துவிடும். அதுவும் நம் பகுதி துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் பாதை. திருவொற்றியூர், மணலி பக்கம் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வடசென்னைக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு, உப்புக் காற்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரம் நின்ற வண்டி என்றால் அடிப்பாகத்தைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மேலே பட்டி போட்டு பெயின்ட் அடித்தால் மாப்பிள்ளை மாதிரி நிற்கும். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு எல்லாம் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. உள்ளே மிதியடியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவர் முனையால் தரையைக் குத்திப் பாருங்கள். ஓட்டை விழுந்தால் அது தகட்டோடு மட்டும் நிற்காது. சைலன்சரில் கசிவு இருந்தால் புகை அந்த ஓட்டை வழியாக உள்ளே வரும். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் வந்த பிறகுதான் தெரியும். பின் சக்கரத்தின் ஸ்பிரிங் பட்டை வந்து மாட்டும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள், துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்புறம் வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் பக்கம் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்று நமக்கே தெரியும். அவற்றில் பல கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தன. சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங், டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒயர் முனை, இந்த இரண்டிலும் ஒட்டியிருக்கும் வண்டல் மண் காட்டிக்கொடுக்கும்.

பெட்ரோல் குழாயையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் கால ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்ப்பின் சவ்வும் இதற்காகச் செய்தவை இல்லை. உப்பும், வெடிக்கும், கசியும். பழைய வண்டியில் பெட்ரோல் வாசனை சகஜம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சூடான இன்ஜின்மேல் சொட்டினால் தீதான். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதிது போல இருக்கும் 12 வருட டயரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், மழையில் அது வழுக்கும், வெயிலில் வெடிக்கும்.

காகிதம் பற்றியும் பேச வேண்டும், ஏமாற்று அதிகம் நடப்பது அங்கேதான். சொந்தக் காரின் ஆர்.சி. 15 வருடம் செல்லும். அதற்கு அப்புறம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணத்தை 5,000 ரூபாயாக்கினார்கள், 20 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு அதன்பின் மேலும் கூட்டிவிட்டார்கள். பசுமை வரி தனி. புதுப்பிக்காத வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது. விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அது ஒரு காரணமாகிவிடும். "வின்டேஜ் ஆயிடுச்சு சார், கவலையே இல்ல" என்று புரோக்கர் சொல்வார். 2021-இல் வந்த விதிப்படி வின்டேஜ் என்றால் 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், பெரிய மாற்றம் செய்யாமல் இருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்த வண்டியை ஊர்வலம், கண்காட்சி, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம், தினம் கல்லூரிக்குப் போக முடியாது. 84 மாடல் அந்தக் கணக்கிலேயே வராது. சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிடுங்கள். வேறு டீசல் இன்ஜின் ஏற்றிய அம்பாசடர்கள் நிறைய உண்டு. ஏற்றியதை ஆர்.சி.யில் பதியாமல் விட்டிருந்தால் அந்தத் தலைவலி உங்களுக்கு வரும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பாலிசியில் கட்டாயமாகச் சேர்க்கும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஓட்டும்போதுதான். வண்டி தாத்தா பெயரில், ஓட்டுவது பேத்தி என்றால் அந்தக் காப்பு பேத்திக்குக் கிடையாது. பெயரை மாற்றுங்கள், அல்லது அவளுக்குத் தனியாக விபத்துப் பாலிசி எடுங்கள்.

18 ஆகாத பிள்ளையிடம் சாவி கொடுப்பதைப் பற்றிப் பேசவே வருத்தமாக இருக்கிறது. கொடுங்கையூரில், வியாசர்பாடியில் சாயங்காலம் நின்று பார்த்தால் மீசை முளைக்காத பையன்கள் ஓட்டுகிறார்கள். "ரெண்டு தெருதானே" என்கிறார்கள் அப்பாக்கள். 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. தயவு செய்து கொடுக்காதீர்கள். எல்.எல்.ஆர். இருந்தாலும் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும், முன்னும் பின்னும் எல் போர்டு வேண்டும்.

இத்தனையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் கேட்டாள், "அப்போ தாத்தா வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுடணுமா அங்கிள்?" கண் கலங்கியிருந்தது. இல்லை பாப்பா என்றேன். கல்லூரிக்குப் போக, கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் சின்னக் கார் பாருங்கள் என்றேன். 2022 ஜனவரிக்கு அப்புறம் செய்ததாக இருந்தால் முன்னால் இரண்டு ஏர்பேக்கும், திடீரென மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏ.பி.எஸ்.ஸும் கட்டாயம் இருக்கும். ஃபியட்டைச் சரி செய்ய ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்தபோது, அதோடு இன்னும் கொஞ்சம் போட்டால் அப்படி ஒரு வண்டி வந்துவிடும் என்று பெரியவரே கணக்குப் போட்டுச் சொன்னார். ஃபியட்டை அவசரமில்லாமல் செய்வோம், சனிக்கிழமை சனிக்கிழமை நீயும் வா என்றேன்.

வந்தாள். தாத்தாவும் வருகிறார், ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றியபோது உள்ளே 2015 வெள்ளத்தின் சேறு காய்ந்து கிடந்தது. அதை அவள் கையாலேயே சுரண்டி எடுத்தாள். பழைய உதிரிபாகம் கிடைக்கும் புதுப்பேட்டைக்குப் போய் டிரம் தேடியதும் அவர்கள் இருவரும்தான். பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கும்போது தாத்தா பெடலை மிதிக்க, அவள் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிப்பிளைத் திருப்புவாள். "மிதிங்க தாத்தா... புடிங்க... விடுங்க" என்று ஷெட் முழுக்க அவள் குரல் கேட்கும். பெடல் எங்கே நிற்க வேண்டும், எங்கே போனால் பயப்பட வேண்டும் என்று இப்போது அவளுக்குக் கால் சொல்கிறது. வலது முன் சக்கரத்தில் இன்னும் லேசாகக் கசிவு இருக்கிறது, அதை முடித்துவிட்டுத்தான் வண்டியை ஆர்.டி.ஓ.விடம் காட்டப் போகிறோம்.