எக்ஸிக்யூஷனுக்கு ‘அமலாக்கமா’?

‘உத்தி அமலாக்க இடைவெளியை மூடுதல்.’ மேலாண்மைப் பயிற்சிக் குறிப்புகளின் தமிழாக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் தொடர். நிறுவனம் வகுத்த ஸ்ட்ராட்டஜி ஒரு பக்கம், அன்றாடம் நடக்கும் வேலை இன்னொரு பக்கம். நடுவில் இருக்கும் தூரத்தைக் குறைப்பது எப்படி என்பதுதான் விஷயம். இடைவெளியை யாரும் மூடுவதில்லை, குறைக்கலாம், நிரப்பலாம். அதைக்கூட மன்னித்துவிடலாம். எக்ஸிக்யூஷனுக்கு வைத்த ‘அமலாக்கம்’தான் தொண்டையில் சிக்குகிறது.

முதலில் ஸ்ட்ராட்டஜி. கிரேக்கத்தில் ‘ஸ்ட்ரதேகோஸ்’ என்றால் படைத்தலைவன். ஏதென்ஸ் ஆண்டுக்குப் பத்துப் பேரை அப்பதவிக்குத் தேர்ந்தெடுத்தது. அந்நகரின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளிஸ் அப்படி வந்தவர். மேலாண்மை அறிஞர்களான ஆல்ஃபிரட் சாண்ட்லர் 1962இலும் இகோர் அன்சாஃப் 1965இலும் எழுதிய நூல்களுக்குப் பின் வணிகப் பேச்சில் சொல் நிலைத்தது. தமிழில் ‘உத்தி’ போதும். தொல்காப்பியமும் நன்னூலும் 32 உத்திகளைச் சொல்கின்றன. சொல்லுக்கு வயதும் உண்டு, புழக்கமும் உண்டு. ‘வியூகம்’ படையை நிறுத்தும் அமைப்பு. அது தேர்தல் செய்திகளோடு இருக்கட்டும். இலங்கையில் ‘மூலோபாயம்’ அரச ஆவணங்களில் ஊறிவிட்டது, அங்கே விளங்குகிறது. அதோடு எனக்கு வழக்கில்லை.

எக்ஸிக்யூஷன் லத்தீன் வழி வந்தது. மூலச்சொல்லின் பொருள், விடாமல் கடைசிவரை பின்தொடர்ந்து போவது. மரண தண்டனை என்ற பொருள், தீர்ப்பை நிறைவேற்றுவது என்பதிலிருந்து கிளைத்தது.

இனி அமல். அரபியில் அது வெறும் ‘வேலை’தான். நவாபுகள் காலத்து நிர்வாகத்தோடு இங்கே வந்தபோது அதிகாரத்தின் வாசனை ஏறிவிட்டது; வரி வசூலித்தவர் அமுல்தார். இன்று ஊரடங்கு அமலுக்கு வருகிறது, மதுவிலக்கு அமலாகிறது, தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கின்றன. மேலே ஒருவர் ஆணையிட, கீழே இருப்பவர் அடங்க வேண்டிய இடங்கள் இவை. அமலாக்கத் துறை என்று பெயர் வைத்தார்களே, அது மிகச் சரி. அரபுச் சொல் என்பதற்காக நான் இதைத் தள்ளவில்லை. வசூலும் வக்கீலும் அரபிதான், அவை இல்லாமல் நமக்கு ஒருநாள் ஓடாது. பொருள் பொருந்தவில்லை என்பதே என் புகார்.

பொருந்தாததன் விளைவு சொல்லோடு நிற்பதில்லை. அமலாக்கம் என்று எழுதியதும், உத்தி மாடியில் முடிந்துவிட்டது, கீழே இறக்கினால் போதும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. இடைவெளி பிறப்பதே அங்கேதான். ‘வாடிக்கையாளரே முதன்மை’ என்று ஒரு வங்கி உத்தி வகுக்கும். கவுன்ட்டரில் இருப்பவரிடம் மாதக் கடைசியில் கேட்கப்படும் கேள்வியோ எத்தனை இன்ஷூரன்ஸ் பாலிசி விற்றாய் என்பது. அவர் எதைச் செய்வார்? இதை அமல்படுத்தச் சுற்றறிக்கை விட்டுப் பயனில்லை, அந்தக் கேள்வியை மாற்ற வேண்டும். 1960களில் ஜப்பானிய நிறுவனங்கள் வளர்த்தெடுத்த ‘ஹோஷின் கான்ரி’ முறையில் இலக்கு மேலிருந்து கீழே போகும். இதற்கு ஆளும் நேரமும் போதாது என்று கீழிருந்து பதில் வரும். இரு தரப்பும் ஒப்பும்வரை பந்துபோல் மாறி மாறிக் கைமாறும். அதற்குப் பெயரே ‘கேட்ச்பால்’. இந்த நடைமுறையை அமலாக்கம் என்ற சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

மாற்றாக ‘நிறைவேற்றம்’ என்பார்கள். நெருங்கி வருகிறது. ஆனால் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறினால் வாக்கெடுப்பு முடிந்தது என்றுதான் பொருள், வேலை அதன் பிறகே தொடங்கும். ‘செயலாக்கம்’ தவறில்லை, ஆனால் தொடங்கிவைத்ததையும் அது செயலாக்கம் என்றே சொல்லும், முடித்தாயா என்று கேட்காது. என் தேர்வு ‘செய்துமுடிப்பு’. செய்வதும் இருக்கிறது, கடைசிவரை போவதும் இருக்கிறது. குறள் 517 ‘இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்’ என்கிறது. எந்த வேலை, எந்தக் கருவியால், யார் என்ற மூன்றையும் ஆராய்ந்து, பிறகு ‘அவன்கண் விடல்’. விட்டுவிடச் சொல்கிறார் வள்ளுவர். தலைமேல் நின்று அமல்படுத்தச் சொல்லவில்லை.

நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது என்று சொல்லமாட்டேன். அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து அடுத்த வரிக்கு நகர்ந்துவிடும் அவசரம், பக்கக் கணக்கில் கூலி. அதே குறிப்பில் சி.இ.ஓ.வை ஒழுங்காகத் ‘தலைமைச் செயல் அதிகாரி’ என்கிறார்கள். ‘தலைமை அமலாக்க அதிகாரி’ என்று எழுதினால் ஆள் சோதனைக்கு வந்துவிடுவார் என்பது அங்கே மட்டும் நினைவிருக்கிறது.