பேலட் வாங்கும்போது கேக்க வேண்டிய ரெண்டு கேள்வி: இதுக்கு முன்னாடி என்ன ஏத்துனாங்க, இனிமே எங்க போகுது?

சரக்கை மேல அடுக்கி ஃபோர்க்லிஃப்ட்ல தூக்கற மரத்தட்டுதான் பேலட். அந்த மரத்தை சூடாக்கி உள்ள இருக்கற பூச்சியைக் கொல்ற ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணி, முத்திரை போட்டுக் கொடுக்கற வேலைல இருக்கேன். எங்ககிட்ட போன் பண்றவங்க சைஸ் கேப்பாங்க, ரேட் கேப்பாங்க, எப்ப டெலிவரின்னு கேப்பாங்க. சரக்கு என்னங்க, எந்த நாட்டுக்குங்கன்னு நாங்க கேட்டா மட்டும் "சாதா பேலட்தாங்க, எதுவா இருந்தா என்ன"ன்னு பதில் வரும். சாதா பேலட்னு ஒண்ணு கிடையவே கிடையாதுங்க. ஒரு தொழிலுக்கு அருமையா வேலை செஞ்ச பேலட் இன்னொரு தொழிலுக்குப் போனா சரக்கையே காலி பண்ணிடும், அதைப் பத்திதான் எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன்.

அரிசி குடோன்ல மூட்டைக்கு அடியில மரச்சட்டம் போடறாங்க இல்லையா, டன்னேஜ்னு சொல்லுவாங்க, அதோட வேலை தரை ஈரம் மூட்டைக்கு ஏறாம தடுக்கறதும் கீழ காத்து போறதும்தான். கிரானைட்காரங்களுக்கு வேற பிரச்சனை. ஒரு கன மீட்டர் கல்லு சுமாரா 2.7 டன் வரும், அதனால அவங்களுக்கு கனமான கட்டையில சாய்வா நிக்கற ஃப்ரேம் வேணும், பலகை அழகா இருக்கணும்னு அவசியமே இல்ல. பொள்ளாச்சி பக்கம் காயர் பித் ப்ளாக், அதாவது தேங்காய் நார்க்கழிவை அழுத்தின கட்டி, அனுப்பறவங்களுக்கு ஈரம்தான் எமன், ஏன்னா அந்த சரக்கோட குணமே தண்ணிய உறிஞ்சி உப்பறதுதான்.

வெளிநாட்டுக்குப் போற பேலட்டுன்னா ஐஎஸ்பிஎம் 15 விதி வந்துரும், பேக்கிங் மரம் வழியா பூச்சி நாடு விட்டு நாடு பரவாம தடுக்கற சர்வதேச விதி அது. 1996ல நியூயார்க் புரூக்ளின்ல தெருவோர மரங்கள்ல ஆசிய நீளக்கொம்பு வண்டு இருக்கறதைக் கண்டுபிடிச்சாங்க, அது சீனாவுல இருந்து சரக்கு பேக்கிங் மரத்துக்குள்ள உக்காந்து வந்ததுன்னு தெரிஞ்சுது, அதை ஒழிக்க ஆயிரக்கணக்கான மரத்தை வெட்ட வேண்டி வந்துச்சு. இந்த மாதிரி அடி வாங்கினதுக்கு அப்புறம்தான் 2002ல உலக நாடுகள் சேர்ந்து இந்த விதியைக் கொண்டு வந்தாங்க. ஹீட் ட்ரீட்மென்ட்னா மரத்தோட நடு மையம் 56 டிகிரி செல்சியஸ் வந்து, அது விடாம 30 நிமிஷம் நிக்கணும். மரத்தை வச்சு சூடேத்தற சேம்பரோட காத்து 56 வந்தா பத்தாது. இருக்கறதுலயே தடியான கட்டையில துளை போட்டு உள்ள சென்சார் சொருகி, துளை வாயை நல்லா அடைச்சு, அந்த ரீடிங்கைத்தான் பாக்கணும். துளையை சரியா அடைக்கலன்னா சூடான காத்து உள்ள போய் மரம் சூடாகறதுக்கு முன்னாடியே மீட்டர் 56 காட்டிரும். அதனால ட்ரீட்மென்ட் சர்டிஃபிகேட் வாங்கும்போது டெம்பரேச்சர் கிராஃபையும் கேட்டு வாங்குங்க, தர மாட்டேன்னு சொல்ற இடத்துல வாங்காதீங்க.

முத்திரையில கோதுமைக் கதிர் மாதிரி ஒரு சின்னம், இந்தியாவுக்கான நாட்டுக் குறியீடு, ட்ரீட்மென்ட் பண்ணின யூனிட்டோட நம்பர், எந்த முறைங்கற குறியீடு, இவ்வளவும் இருக்கணும். எதிரெதிரா ரெண்டு பக்கமாவது தெரியணும், சிவப்பு, ஆரஞ்சு மையில அடிக்கக் கூடாது. மரப்பட்டை ஒட்டிட்டு இருந்தா அகலம் 3 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், அதுக்கு மேல அகலமா இருந்தா அந்தத் துண்டோட மொத்த பரப்பு 50 சதுர சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். ப்ளைவுட் பேலட்டுக்கு இந்த விதி பொருந்தாது. முத்திரை இல்லாம அமெரிக்கா போய் மாட்டினா, சரக்கு எவ்வளவு நல்லதா இருந்தாலும் திருப்பி அனுப்பச் சொல்லுவாங்க.

பழைய பேலட் ரிப்பேர்லதான் நெறைய பேர் ஏமாந்து போறாங்க. மூணுல ஒரு பங்கு வரைக்கும் பலகை மாத்தினா அது ரிப்பேர் கணக்கு, ஆனா புதுசா வச்ச மரமும் ட்ரீட் ஆகியிருக்கணும், முத்திரை இருக்கணும். அதுக்கு மேல மாத்தினா பழைய முத்திரை எல்லாத்தையும் அழிச்சிட்டு முழுசா மறுபடி ட்ரீட்மென்ட் பண்ணணும். பழைய பேலட்ல நாலு பலகை புதுசா அடிச்சு, ஓரத்துல இருக்கற பழைய முத்திரையை வச்சே "எக்ஸ்போர்ட் பேலட்"னு விக்கறது நடந்துட்டுதான் இருக்கு, தயவு செஞ்சு வாங்கிடாதீங்க.

இப்ப முக்கியமான விஷயம். ஹீட் ட்ரீட்மென்ட் ஆச்சுன்னா மரம் காஞ்சிருச்சுன்னு அர்த்தம் இல்ல! பூச்சிதான் செத்துருக்கும், ஈரம் அப்படியேதான் இருக்கும். பச்சை மரத்தை அறுத்து, அடிச்சு, ட்ரீட் பண்ணி, அன்னைக்கே கண்டெய்னர்ல ஏத்திடறாங்க, பகல்ல வெயில்ல அந்த ஈரம் ஆவியா கிளம்பி ராத்திரி குளிர்ல கூரையில தண்ணியா படிஞ்சு சரக்கு மேல சொட்டுது, இதுவே கடல்ல வாரக்கணக்குல தினமும் நடக்குது. காஸ்டிங் (இரும்பு வார்ப்பு) சரக்கு பிரிச்ச போட்டோ ஒருத்தர் காட்டினார், மேல எல்லாம் பளபளன்னு இருக்கு, அடியில மட்டும் பலகை தொட்ட இடம் பூரா வரி வரியா துரு, பேலட்டோட டிசைன் அப்படியே பதிஞ்சிருக்கு. துரு பிடிக்க விடாத கவர் போட்டிருந்தாங்க, ஆனா ஆணி தலை தூக்கி கவரைக் கிழிச்சிருந்துச்சு. பூஞ்சையும் இப்படித்தான். மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பொதுவா பூஞ்சை வளராது. கையடக்க மாய்ஸ்சர் மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சு, லோடு வர்றப்ப பலகையில மட்டும் குத்தாம நடுக் கட்டையிலயும் குத்திப் பாருங்க, ஈரம் ஒளிஞ்சிருக்கறது அங்கதான்.

மருந்து, உணவுத் தொழில்ல இருக்கறவங்க இதை கவனமா படிங்க. டைலினால் மாத்திரையில பூசண வாடை அடிக்குதுன்னு புகார் வந்து, 2010 ஜனவரியில ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி பல மருந்துகளை திரும்பப் பெற்றுச்சு. பேக்கிங் பொருளை வச்சிருந்த மர பேலட்ல போட்டிருந்த டிரைபுரோமோபீனால்ங்கற கெமிக்கல் மாறி உண்டான டிரைபுரோமோஅனிசோல்தான் காரணம்னு சொன்னாங்க. மாத்திரை அந்த மரத்தைத் தொடக்கூட இல்ல, பக்கத்துல இருந்ததே போதும். அதனால பூஞ்சை வராம இருக்க மரத்தை எதுல முக்கி எடுத்தாங்கன்னு சப்ளையர்கிட்ட கேளுங்க, குளோரின், புரோமின் கலந்த பீனால் எதுவும் போடலன்னு எழுத்துலயே வாங்குங்க. பூச்சிமருந்து குடோன்ல ஓடின செகண்ட் ஹேண்ட் பேலட் மசாலா யூனிட்டுக்குள்ள வர்றதை நெனச்சாலே எனக்கு பதறுது. பேலட்டைக் கழுவி வெயில்ல போட்டா சரியாயிரும்னு நெனைக்காதீங்க, மரம் உள்ள உறிஞ்சினது கழுவினா போகாது.

ஆட்டோ பார்ட்ஸ் பக்கம், பெரிய வேர்ஹவுஸ் பக்கம் பாத்தீங்கன்னா ஆபத்து மேல இருந்து வரும். தரையில ஒரு டன்னை அசால்ட்டா தாங்கற பேலட், உயரமா அடுக்கற இரும்பு ரேக்ல ஏறினா தாங்கணும்னு இல்ல. தரையில அடிப்பலகை முழுக்க உக்காருது, ரேக்ல ரெண்டு பீம் மேல ஓரம் மட்டும்தான் உக்காருது, நடுவுல வெறும் காத்து. வாங்கும்போதே "ரேக்ல எவ்வளவு தாங்கும்"னு தனியா கேளுங்க. விரிசல் விட்ட கட்டை, அடிப்பலகை போன பேலட் எதையும் ரேக்ல ஏத்த விடாதீங்க, கீழ நம்ம ஆளுங்க நடமாடறாங்க. அதே மாதிரி காலி பேலட்டை குடோனுக்குள்ள ஆறு அடிக்கு மேல அடுக்காதீங்க. அது காஞ்ச மரம், நடுவுல காத்தோட்டமான இடைவெளி, தீப்பிடிச்சா சரக்கை விட வேகமா எரியும். முடிஞ்ச வரைக்கும் கட்டடத்தை விட்டுத் தள்ளி வெளியில வைங்க.

கடைசியா, உடைஞ்ச பேலட் எங்க போகுதுன்னும் பாருங்க. நெறைய யூனிட்ல லேபர்ஸ் வீட்டு அடுப்புக்கும் பக்கத்து டீக்கடைக்கும் விறகா எடுத்துட்டுப் போறாங்க. எண்ணெய்க் கறை, கெமிக்கல் வாடை, பச்சையோ நீலமோ சாயக்கறை இருக்கறது எதையும் சமையலுக்கு எரிக்க விடாதீங்க, பிள்ளைங்களுக்கு கட்டில் அடிக்கவும் குடுக்காதீங்க. கேட்டு வர்றவங்களுக்கு சுத்தமான பலகையை தனியா பிரிச்சு, ஆணி புடுங்கிக் குடுங்க.