வீட்டில் ரிப்பேர் பார்த்த ஜெட் ஸ்கி நடுத்தண்ணீரில் நின்றால்

வாசலில் என்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஹோஸ் மாட்டி ஜெட் ஸ்கியை (தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டரை) ஓடவிட்டபோது ஜம்மென்று ஓடியது, தண்ணீரில் இறக்கிய பத்தாவது நிமிஷம் நின்றுவிட்டது என்பார்கள். ஆச்சரியம் ஒன்றுமில்லை. டிரெய்லரில் நிற்கும்போது இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுற்றித் தண்ணீரைப் பின்னால் தள்ளும் விசிறி) வெறும் காற்றில் சுற்றுகிறது, என்ஜினுக்குப் பளுவே கிடையாது. தண்ணீரைத் தள்ளத் தொடங்கிய பிறகுதான் நீங்கள் செய்த வேலையின் லட்சணம் தெரியும்.

நின்றதும் ஸ்டார்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்காதீர்கள். லேன்யார்டை (கழன்றால் என்ஜினை நிறுத்தும், ஓட்டுபவர் மாட்டிக்கொள்ளும் கயிறு) கழற்றிவிட்டு சீட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கு ஸ்டார்ட் செய்யும் பேச்சே வேண்டாம். மூடிய ஹல்லுக்குள் (வண்டியின் அடிக்கூட்டுக்குள்) தேங்கிய ஆவிக்கு ஒரு பொறி போதும். கார் ஸ்டார்ட்டர் மோட்டார் மலிவு என்று வாங்கிப் பொருத்துகிறவர்கள் இதைத்தான் யோசிப்பதில்லை. படகுக்கான மோட்டாரில் பொறி வெளியே வராதபடி அடைத்திருப்பார்கள்.

வாடை இல்லையென்றால், கடைசியாக உங்கள் கை எங்கே பட்டதோ அங்கிருந்து தேடுங்கள். உள்ளே தண்ணீர் நின்றால் பின்பக்க டிரெய்ன் பிளக்கை (தண்ணீர் வடியவிடும் ஓட்டையின் அடைப்பை) மாட்ட மறந்திருக்கலாம், அல்லது ஹோஸ் கிளாம்ப் நழுவியிருக்கலாம். கிளாம்ப்பை மட்டுமீறி முறுக்கினாலும் அதன் விளிம்பு ரப்பரை வெட்டிவிடும்.

என்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை என்றால் கோளாறு பம்ப்பில். புல்லோ பிளாஸ்டிக் பையோ சிக்கியிருந்தால் என்ஜினை அணைத்து, லேன்யார்டும் கையில் இருக்கும்போதுதான் அடியில் கைவிட வேண்டும். வேர் ரிங் (இம்பெல்லரைச் சுற்றி இருக்கும், தேய்ந்தால் மாற்றும் வளையம்) மாற்றிய பிறகு இப்படி ஆனால் பம்ப் ஹல்லோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே இடுக்கு இருந்தால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும், இம்பெல்லருக்குப் பிடிமானம் போய்விடும். குளியலறைக்குப் பூசும் சிலிக்கான் இங்கே உதவாது. வினிகர் வாடை அடிக்கும் அந்த வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும்; உலோகம் அரிக்கும்.

வண்டி கவிழ்ந்திருந்தால் எந்தப் பக்கம் உருட்டி நிமிர்த்த வேண்டும் என்று பின்புறத்தில் ஸ்டிக்கர் இருக்கும். எதிர்ப்பக்கம் உருட்டினால் எக்ஸாஸ்டில் நிற்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளையும். வாசலில் ஹோஸ் மாட்டும்போதும் இதே ஆபத்துதான்: முதலில் என்ஜின், பிறகு தண்ணீர், நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு என்ஜின். வரிசை மாறினால், தள்ளிவிட எக்ஸாஸ்ட் அழுத்தம் இல்லாததால் தண்ணீர் பின்னோக்கி ஏறிவிடும்.

சிலிண்டரில் தண்ணீர் புகுந்த சந்தேகம் இருந்தால், கரைக்கு வந்ததும் முதலில் ஆயில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் என்ஜினைச் சுற்றவே வேண்டாம், நேராக மெக்கானிக்கிடம் போங்கள். ஆயில் சுத்தமாக இருந்தால் இக்னிஷன் காயில்களின் கனெக்டரைப் பிடுங்கி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஓட்டைகளின் மேல் துணியைப் போட்டு, சில விநாடிகள் மட்டும் ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தண்ணீர் என்றால் அன்றே செய்தாக வேண்டும். மறுநாளுக்குள் துரு பிடிக்கத் தொடங்கிவிடும்.

கட்டி இழுத்துவரும்போதும் கவனம் வேண்டும். வேகமாக இழுத்தால் ஓடாத பம்ப்பின் வழியாகவே தண்ணீர் கூலிங் ஹோஸில் ஏறி எக்ஸாஸ்டை நிரப்பிவிடும். மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். அந்த ஹோஸை இறுக்கி அடைக்க ஒரு கிளாம்ப் கருவிப்பையில் இருந்தால் நல்லது. அடைத்தவர் ஸ்டார்ட்டர் பட்டன் மேல் ஒரு டேப் ஒட்டிவிடட்டும்: கிளாம்ப்பைக் கழற்ற மறந்து ஓட்டினால் கூலிங் தண்ணீர் இல்லாமல் எக்ஸாஸ்டின் ரப்பர் ஹோஸ்கள் கருகிவிடும்.