எயார் ரைபிளை மடக்கக் கனக்கிறதா? ஸ்பிரிங்கை மாற்றுவதற்கு முன்

நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்பவர்கள் பட்டறைக்குக் கொண்டுவரும் எயார் ரைபிள்களில் அநேகமானவை குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. சொல்லும் குறையும் ஒன்றுதான்: "மடக்கக் கனக்குது, ஸ்பிரிங்க மாத்தித் தாங்க." திறந்து பார்த்தால் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கும். குறை குழல் மடங்கும் மூட்டின் போல்டிலோ அடி லீவரிலோ லீவரின் நுனியிலோ இருக்கும். அங்கே கிரீஸ் காய்ந்துபோன பிறகும் பலத்தைப் போட்டு மடக்குவதால்தான் நல்ல ரைபிள்கள் கெடுகின்றன.

குழலைக் கீழே மடக்கும்போது அடி லீவர் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. லீவரின் நுனியில் உள்ள ஷூ, சிலிண்டரின் அடிப் பிளவு வழியாகப் பிஸ்டனைப் பின்னுக்குக் கொண்டுபோகிறது. பிஸ்டன் ஸ்பிரிங்கை நெருக்கி, முடிவில் ட்ரிகரின் கொளுவியில் "டிக்" என்று மாட்டுகிறது. அந்த நேரம் முதல் ஸ்பிரிங்கின் முழுப் பலத்தையும் தாங்கி நிற்பது கொளுவியின் சின்ன விளிம்பு ஒன்றுதான். அது தேய்ந்து நழுவினால் திறந்திருக்கும் குழல் மேலே அடித்து மூடும். குழல் வளையும், இடையில் விரல் இருந்தால் நசுங்கும். டயானா கம்பனியின் 48, 52 போன்ற பக்க லீவர் ரைபிள்களில் சிலிண்டரே முன்னால் பாயும் என்பதால் பெலட் (ஈயக் குண்டு) வைக்கும் விரல் நுனி துண்டாகலாம். ஆகவே பெலட்டை வைத்து விரலை எடுக்கும்வரை மற்றக் கை குழலையோ லீவரையோ விடக் கூடாது. திறந்திருக்கும்போது ட்ரிகரைத் தடுக்கும் பூட்டு உள்ள மாடல் என்றாலும் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியவை ரைபிளின் மரக்கட்டையைப் பூட்டும் ஸ்குரூக்கள். முன்பக்கம் இரு பக்கமும் ஒவ்வொன்று, ட்ரிகர் காப்புப் பக்கம் ஒன்று அல்லது இரண்டு. ஒவ்வொரு சூட்டின் உதறலுக்கும் இவை கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். தளர்ந்தால் கட்டை இறங்கி லீவர் மரத்தில் உரசும். அதையே "ஸ்பிரிங் கனக்குது" என்று நினைத்துவிடுவார்கள். மலைநாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. மாதக்கணக்கில் மூடுபனியும் மழையும் பட்டால் மரக்கட்டை ஊதி, லீவர் போகும் பள்ளம் ஒடுங்கிவிடும். கட்டையைக் கழற்றிப் பள்ளத்தின் ஓரங்களைப் பாருங்கள். கறுத்து மினுங்கும் கோடு இருந்தால் அங்கேதான் உரசுகிறது. அந்த இடத்தை மட்டும் மெல்லிய மண்தாளால் தேய்த்து, வெறும் மரத்துக்கு வார்னிஷ் ஒரு கை பூசிவிடுங்கள். ஸ்குரூவின் வெட்டில் சரியாக உட்காரும் ஸ்குரூ டிரைவரையே பாவியுங்கள். சின்னதைப் போட்டுத் திருகினால் தலை கிழியும்.

அடுத்து மூட்டு போல்ட். ரைபிள் ஏற்றாமல், குழல் மூடியிருக்கும்போது நுனியைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். கொஞ்சமும் ஆடக் கூடாது. ஆடினால் குறிபார்க்கும் சைட்டை எத்தனை முறை சரிசெய்தாலும் குறி ஓரிடத்தில் நிற்காது. மறுபக்கச் சோதனை இது: பெலட் இல்லாமல் ஏற்றி, விரலை ட்ரிகரிலிருந்து விலக்கி, குழலைப் பாதியில் நிறுத்துங்கள். கீழே கை தாங்கலாக இருக்கட்டும். அந்த இடத்திலேயே நின்றால் இறுக்கம் சரி. தன் பாரத்தில் விழுந்தால் தளர்வு; தள்ளினாலும் நகர மறுத்தால் அதிக இறுக்கம். பூட்டு ஸ்குரூவைக் கழற்றி, போல்டை ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் திருப்பி மறுபடி பாருங்கள். பூட்டு ஸ்குரூவைத் திரும்பப் போடாமல் விட்டால் போல்ட் சில நாட்களில் தானாகக் கழன்றுவிடும். போல்டுக்குப் பதில் ஊசி அடித்த மாடல்களை இறுக்க முடியாது. இரு பக்கமும் உள்ள மெல்லிய வாஷர்களை மாற்றித்தான் ஆட்டத்தை எடுக்க வேண்டும்.

சோதனை முடிந்து ஸ்பிரிங்கை இறக்கும்போது, திறந்த நிலைப் பூட்டு இல்லாத ரைபிள் என்றால் குழலை முழுக்க மடக்கி இறுகப் பிடித்து, ட்ரிகரை அழுத்தி மெல்ல மேலே விடலாம். பூட்டு உள்ளதில் பெலட் வைத்து மூடி, மண்மேட்டில் சுட்டுத்தான் இறக்க வேண்டும். பெலட் இல்லாமல் சுட்டால் பிஸ்டனுக்கு முன்னால் காற்றுத் தடை இருக்காது. அது சிலிண்டர் முகத்தில் நேரே மோதி, காற்றுக் கசியாமல் தடுக்கும் பிஸ்டன் தலை சீல், ஸ்பிரிங் இரண்டையும் உடைக்கும்.

கிரீஸ் விஷயத்தில்தான் இங்கே அதிகம் கெடுக்கிறார்கள். வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிடுவார்கள். அது சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். நுவரெலியா இருப்பது ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில். காலையில் லீவர் நகராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நாளாக ஆக அது பிசினாகி ஊசியையும் பிடித்துக்கொள்ளும். சிலிண்டருக்குள் போன எந்தச் சாதாரண எண்ணெயும் அழுத்தச் சூட்டில் வெடிக்கும்: சத்தம் பலமாகும், புகை வரும், சீல் கருகும். பாவிக்க வேண்டியது மொலிப்டினம் கலந்த கிரீஸ். ஷூவில் ஓர் அரிசி மணி அளவு, மூட்டு வாஷர்களில் மெல்லிய பூச்சு, குழலைப் பூட்டும் ஆப்பின் முகத்தில் தொட்டும் தொடாமலும். பழைய கிரீஸை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பூசுங்கள். அதன்மேலேயே புதியதைப் பூசினால் உள்ளே இருக்கும் மண்ணும் சேர்ந்து அரைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் கரகரவென்று உரசினால், அல்லது பாதி வழியில் ஒரு படி தட்டுவதுபோல் தெரிந்தால், ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். அதை வீட்டில் கழற்ற வேண்டாம். ஏற்றாத நிலையிலும் ஸ்பிரிங் சில சென்ரிமீற்றர் நெருக்கப்பட்டுத்தான் இருக்கும். நெருக்கும் கவ்வி இல்லாமல் பின்முனையைத் திறந்தால் முகத்துக்கு நேரே பாயும். புதியது வாங்கும்போது "பலமானது" என்று நீளமானதைக் கேட்காதீர்கள். 3 மி.மீ. கம்பியில் 34 சுற்று என்றால் முழுதாக நெருங்கியபின் 102 மி.மீ. இடம் பிடிக்கும். ஏற்றிய நிலையில் பிஸ்டனுக்குள் அதைவிடக் குறைந்த இடமே இருந்தால், கொளுவிக்குப் போகும் முன்னரே சுற்றுகள் முட்டிக்கொள்ளும். எத்தனை முறை மடக்கினாலும் "டிக்" வராது. அப்போது பலத்தைப் போட்டால் வளைவது லீவர்தான். ஸ்பிரிங் மாற்றாத ரைபிளிலேயே "டிக்" நின்றுபோனால் கொளுவியின் தேய்வையோ ட்ரிகர் ஸ்குரூ அளவுக்கு மீறித் திருகப்பட்டிருப்பதையோ திருத்துபவரிடம் காட்டுங்கள்.

சாக்கில் சுற்றி அடுப்படிப் பரணில் வைக்கும் வழக்கத்தையும் விடுங்கள். சாக்கு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், புகை துருவைக் கூட்டும். எண்ணெய்த் துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, ஸ்பிரிங் ஏற்றாமல், பெலட் இல்லாமல், பிள்ளைகளுக்கு எட்டாத பூட்டிய இடத்தில் வையுங்கள். கட்டையைக் கழற்றிப் பூட்டியிருந்தால் முதல் இருபது பெலட் சுட்டதும் அந்த ஸ்குரூக்களை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள். புதிதாகப் பூட்டியவை அதற்குள்ளேயே கொஞ்சம் தளர்ந்திருக்கும்.